எழுதியதை யார் திருத்துவது?

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, கணிதம் என்றால் பூர்பாக்கி நினைவுக்கு வருவார். அப்படி ஓர் ஆள் இல்லை! 1934 டிசம்பரில் பாரிசில் கூடிய ஆந்த்ரே வேய், ஆன்ரி கர்த்தான் முதலானோரின் கூட்டுப் பெயர் அது. ஒருவர் எழுதிய வரைவை வரிவரியாக வாசித்துச் சண்டை போடுவார்கள். இன்னொருவர் திரும்ப எழுதுவார். எல்லோரும் ஒப்பினால்தான் அச்சுக்குப் போகும்.

1945இல் ஐலன்பெர்க்கும் மக்லேனும், பொருள்களைவிட அவற்றுக்கிடையேயான தொடர்புகளை முன்வைக்கும் 'கேட்டகரி தியரி'யைக் கொண்டுவந்தார்கள். ஐலன்பெர்க் பூர்பாக்கி குழுவிலும் சேர்ந்தார். ஆனால் கணங்களை அடித்தளமாக வைத்து நூல்கள் ஏற்கெனவே வெளிவந்துகொண்டிருந்தன. அந்த அடித்தளம் மாறவில்லை.

அதே கோட்பாட்டுக்காக 2008இல் இணையத்தில் 'என்லேப்' தொடங்கியது. படிப்பவரே திருத்தலாம், பழைய வடிவமும் அழியாது. எங்கள் ஆபீஸ் கோப்பு மாதிரிதான். முந்தைய குறிப்பைக் கிழிக்க மாட்டோம். கீழே நம் கருத்தை எழுதிக் கையெழுத்திடுவோம். திருத்தம் நிலைக்க அதுவே நல்ல வழி.