கொள்ளிடத்தின் வடகரையில் நன்மரணம்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில், திருக்காவலூர் என்று சேசுசபைக் குருவும் தமிழ்ப் புலவருமான வீரமாமுனிவர் பாடிய ஏலாக்குறிச்சி இருக்கிறது. தஞ்சையை மராத்திய மன்னர் சகசி ஆண்ட காலத்தில், 1701ஆம் ஆண்டையொட்டி, அங்கிருந்த கிறித்தவர்கள் அடக்குமுறைக்கு ஆளானபோது, ஆற்றைக் கடந்து அரியலூர்ப் பாளையத்தின் எல்லைக்குள் வந்தவர்களுக்கு இவ்வூர் புகலிடமாயிற்று. இங்குள்ள மாதா அடைக்கல மாதா என்று வழங்கப்படுவதும் அந்த நினைவோடு பொருந்துவதாகும். வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்த அம்மக்களிடம் மோட்சத்தைப் பற்றிய நம்பிக்கை எவ்வடிவில் வாழ்ந்தது என்று பார்க்கும்போது, அது இம்மையைப் புறக்கணிக்கும் வெறுப்பாக அன்றி, நாள்தோறும் செய்யவேண்டிய கடமைகளின் தொகுதியாகவே வாழ்ந்தது தெளிவாகிறது.

அக்கடமைகள் அனைத்தும் நன்மரணம் என்னும் கருத்தைச் சுற்றியே அமைந்தன. பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது தன் குற்றங்களைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்று, நற்கருணை உட்கொண்டு, அவஸ்தைப்பூசுதல் எனப்படும் நோயாளிக்குரிய புனித எண்ணெய்ப் பூசுதலையும் பெற்று, கடவுளின் இரக்கத்தில் நம்பிக்கையோடு உயிர் விடுவதே நன்மரணம் ஆகும். சேசுசபையின் தலைவராயிருந்த கராஃபா 1648இல் உரோமையில் நன்மரணத்துக்கென்றே ஒரு பக்த சபையைத் தொடங்கியிருந்தார். தமிழகத்தில் சேசுசபை நடத்திய மறைப்பணியாகிய மதுரை மிஷனுக்கு வந்த குருக்களும் இந்த மனப்பாங்கில் பயின்றவர்களே. ஆனால் ஐரோப்பிய நகரங்களில் குருக்கள் பலர் இருந்தனர். மதுரை மிஷனிலோ ஒரு குரு பல நாள் நடந்து சுற்றிவரவேண்டிய பரப்பில் கிராமங்கள் சிதறிக் கிடந்தன. சாவு குருவின் வருகைக்காகக் காத்திருப்பதில்லை ஆதலால், நன்மரணத்துக்கான ஆயத்தம் வாழ்நாள் முழுவதும் பரவவேண்டியதாயிற்று, அதன் பொறுப்பும் பெருமளவு பொதுநிலையினர் கைக்கே வந்தது.

அப்பொறுப்பைத் தாங்கியவர், வேதியர் என்றும் வழங்கப்பட்ட உபதேசியார். ஞானஸ்நானம் பெற விரும்புவோருக்கு மந்திரங்களையும் மறைக்கல்வியையும் கற்பிப்பதும், சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், நோயாளியின் அருகிருந்து தேற்றுவதும் அவருடைய வேலைகள். வீரமாமுனிவர் இவர்களுக்கென்றே வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார் என்பது, அவர்களை எவ்வளவு இன்றியமையாதவர்களாக அவர் கருதினார் என்பதைக் காட்டும். அவருடைய சதுரகராதியையும் தொன்னூல் விளக்கத்தையும் போற்றும் அளவுக்குத் தமிழுலகம் இந்நூலைப் போற்றாதது வருந்தத்தக்கது.

விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் ஆகிய மூன்று புண்ணியங்களையும் மனத்தில் எழுப்பிக்கொள்ளும் முயற்சி மந்திரங்களும், பாவத்துக்காக வருந்தும் மனஸ்தாப மந்திரமும் தமிழ்க் கத்தோலிக்கரின் செபங்களில் நெடுங்காலமாக இடம்பெற்றவை. வீட்டில் அன்றாடம் சொல்லப்பட்ட அதே மந்திரங்கள் மரணப் படுக்கையிலும் சொல்லப்பட்டன. எரியும் மெழுகுதிரி அருகிருக்க, பாடுபட்ட சுரூபம் எனப்படும் சிலுவையை நோயாளியின் கையில் பிடிக்கக் கொடுத்து, சேசு, மரி, சூசை என்னும் மூன்று பெயர்களையும் அவர் காதில் மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பது இம்மரபில் வேரூன்றிய வழக்கம். நாக்கு தளர்ந்த நேரத்திலும் அந்தப் பெயர்கள் நினைவில் எழவேண்டுமானால், உழவுக்குப் போகும்போதும் உறங்கப் போகும்போதும் அவை பல்லாயிரம் முறை வாயில் வந்திருக்கவேண்டும். எதிர்கால நம்பிக்கை அன்றாட வாழ்வை வடிவமைத்த விதத்துக்கு இதைக்காட்டிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அம்மூவருள் சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கியே வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடினார். 1726இல் நிறைவுற்றதாகக் கூறப்படும் இக்காப்பியம், மூன்று காண்டங்களிலும் முப்பத்தாறு படலங்களிலுமாக 3615 பாடல்களைக் கொண்டது. இதன் இலக்கியச் சுவையை ஆய்ந்தவர் பலர். இது நன்மரணத்தின் காப்பியமும்கூட என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. இயேசுவும் மரியாளும் அருகிருக்க இறந்தவர் என்பதால் சூசையப்பரைக் கத்தோலிக்க மரபு நல்ல மரணத்தின் பாதுகாவலராகக் கொண்டாடுகிறது. அவரோ மரவேலை செய்து பிழைத்தவர். இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் காணும் முன்பே, மீட்பு நிறைவேறாத நிலையில், வாக்குறுதியை மட்டும் நம்பி இறந்தவர். காப்பியம் அந்தச் சாவோடு முடிந்துவிடாமல், விண்ணகத்தில் அவர் முடிசூட்டப்பெறுவது வரை நீள்கிறது. பெரும்பான்மையோர் உழைப்பாளிகளாகவே இருந்த ஒரு சமூகத்துக்கு, நாள் முழுதும் தச்சுப்பட்டறையில் கழித்த ஒருவரை முடிபுனைந்த காப்பியத் தலைவராகக் காட்டியது, அவர்களுடைய உழைப்புக்கும் மறுமையில் மதிப்பு உண்டு என்று சொன்னதற்கு ஒப்பாகும்.

நம்பிக்கை கைகளுக்கு எட்டாமற்போன இடமும் உண்டு. அதை மறைப்பது வரலாறாகாது. சரீர உத்தானத்தை, அதாவது இறுதி நாளில் உடல்கள் உயிர்த்தெழும் என்பதை, நம்பியே கிறித்தவர் இறந்தோரை மண்ணில் அடக்கம் செய்கின்றனர். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் கல்லறைகளைத் துப்புரவு செய்து பூவும் மெழுகுதிரியும் வைத்து, உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது மோட்சத்துக்கு முன் தூய்மை பெறும் நிலையில், இருக்கும் ஆத்துமாக்களுக்காக மன்றாடுகின்றனர். அப்படியிருந்தும் திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் சாதிகளைப் பிரிக்கும் சுவர் எழுப்பப்பட்டது. சேர்ந்து உயிர்த்தெழுவோம் என்று அறிக்கையிட்டவர்கள் சேர்ந்து புதைக்கப்பட மறுத்தது, தமிழ்க் கத்தோலிக்க வரலாற்றின் ஆறாத புண்ணாகும்.

1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்டு சேசுசபையைக் கலைத்தபோது, ஏற்கெனவே குறைவாயிருந்த குருக்கள் மேலும் அருகினர். 1814இல் சபை மீண்டும் நிறுவப்பட்டு, 1830களின் இறுதியில் பிரெஞ்சு சேசுசபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பும் வரை, பல ஊர்களில் குழந்தைகளுக்கு மந்திரம் கற்பித்ததும், சாவோரின் அருகிருந்ததும், இறந்தோரை அடக்கம் செய்ததும் உபதேசியார்களும் குடும்பத்து மூத்தோருமே. வந்த குருக்கள் அங்கே கண்டது, செபங்களை மறவாத, ஞானஸ்நானம் பெற்ற மக்களை.