ஓவியம் படித்தவர்கள் என்ன ஆனார்கள்? சென்னை ஓவியக் கல்லூரியும் பிழைப்பின் வரலாறும்

இந்த மாதச் சந்திப்பில் பேச அழைத்த நண்பர்களுக்கும், ஒருவருக்குக் காலை, இன்னொருவருக்கு நள்ளிரவு என்ற நிலையிலும் திரைக்கு முன் அமர்ந்திருக்கும் உங்களுக்கும் நன்றி.

இன்று நான் ஓவியங்களைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. ஓவியம் படித்தவர்களின் பிழைப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். நம் வீடுகளில் பிள்ளை கணினி படிக்கிறேன் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஓவியம் படிக்கிறேன் என்றால் மட்டும், "படித்துவிட்டு என்ன செய்வாய்?" என்று கேட்கிறோம். கேள்வி நியாயமானதுதான். அதற்கு அறிவுரை சொல்வதைவிட வரலாற்றில் பதில் தேடுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. நான் ஓவியன் அல்லன். தமிழ் இதழ்களில் வந்த கோட்டோவியங்களின் வழியாக இந்த வரலாற்றுக்குள் வந்த வாசகன். அந்தக் கோடுகளை வரைந்தவர்களில் பலர் ஒரே இடத்தில் படித்தவர்கள். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே படித்தவர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்ப்போம்.

அந்தக் கல்லூரியின் தொடக்கத்தில் இன்று நாம் சொல்லும் பொருளில் 'கலைஞர்' என்ற எண்ணமே கிடையாது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு தனியார் கலைப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. மண்பாண்டம், அச்சுக்கான செதுக்கு வேலை, வரைபடம், புகைப்படம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. கைத்தொழில் தெரிந்த ஆட்களை உருவாக்குவதுதான் நோக்கம்.

இதற்கு ஓர் உதாரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் அந்தப் பள்ளியின் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். செம்பும் பித்தளையும் அடித்துப் பழகிய கைகள் புதிய உலோகத்தை அடித்துப் பார்த்தன. முயற்சி வெற்றி பெற்று, பின்னர் தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. நம் பாட்டிமார் சோறு வடித்த அலுமினியப் பானையின் முன்கதையில் ஓர் ஓவியப் பள்ளி இருக்கிறது! அந்தக் காலத்தில் அங்கே படித்தவரிடம் "என்ன செய்வாய்?" என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டறைக்குப் போவார், அச்சகத்துக்குப் போவார், இல்லையென்றால் ஏதாவது ஓர் ஊர்ப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் ஆவார்.

நிலைமை மாறியது 1929இல். தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்பிக்கொண்டிருக்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். 1957 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அவர் காலம். பட்டறையின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓவியமும் சிற்பமும் எடுத்துக்கொண்டன. மாணவர் இனி கைவினைஞர் அல்லர், கலைஞர். இதில் பெரிய பெருமை இருந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. கைவினைஞருக்குச் சந்தை இருந்தது. நவீன ஓவியருக்குச் சென்னையில் அப்போது சந்தை இல்லை. படம் வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இந்தச் சிக்கலைத் தன் சொந்த வாழ்க்கையிலேயே அறிந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். குடும்பத்தைத் தாங்குவதற்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 1936இல், இருபத்தைந்து வயதில் மாணவராக உள்ளே வந்தவர். பிறகு அங்கேயே ஆசிரியராகி, 1957இல் முதல்வரானார். நன்றாக வரையும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலையில் சேர்ந்து தூரிகையை விட்டுவிடுவதை அவர் பார்த்தார்.

அதற்கு அவரும் மாணவர்களும் கண்ட வழி, கல்லூரி பின்னுக்குத் தள்ளிய கைவினைக்கே திரும்பிப் போவது. பாத்திக் துணி செய்தார்கள். துணியில் மெழுகு பூசி, சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கி, மறுபடி பூசித் தோய்க்கும் வேலை. அது நன்றாக விற்றது. விற்ற பணத்தில் ஒரு பங்கு பொதுவில் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்த பணம் உதவியதால்தான் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரை ஓரத்தில் நிலம் வாங்க முடிந்தது. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. நாளின் ஒரு பகுதியில் விற்பதற்கான வேலை, மீதி நேரத்தில் தனக்கான ஓவியம், இதுதான் அங்கே இருந்த ஏற்பாடு. புரவலரையோ அரசையோ நம்பாமல் ஓவியர்கள் தாங்களே கட்டிய ஊர் அது. அங்கே இருந்த விஸ்வநாதன் 1968இல் பாரிசுக்குப் போய் நிலைத்தார். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அவர் பாதை புதிதல்ல.

இரண்டாவது வழி, நெசவு. 1950களின் பிற்பகுதியில் மத்திய அரசு கைத்தறிக்காக நெசவாளர் சேவை மையங்களைத் தொடங்கியது. தறிக்கு வேண்டிய புதிய வடிவங்களை வரைய ஓவியர்களை வேலைக்கு எடுத்தார்கள். ரெட்டப்ப நாயுடு அங்கே பணியாற்றினார். துறையூர் அருகே கீரம்பூரிலிருந்து வந்து, சிற்பி எஸ். தனபாலின் ஆதரவில் கல்லூரியில் சேர்ந்து, 1966இல் படிப்பை முடித்த கே.எம். ஆதிமூலமும் அங்கே பணியாற்றினார். மாதச் சம்பளம் உண்டு. காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் இந்தக் காலத்தவை. சம்பளம் வந்ததால் சிறுபத்திரிகைகளுக்கும் எழுத்தாளர்களின் நூல்களுக்கும் வரைய முடிந்தது. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடருக்கு அவர் போட்ட படங்களைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். புத்தக அட்டையில் தலைப்பை அச்செழுத்தாக வைக்காமல் ஓவியமாகவே எழுதும் வழக்கத்தை நம் கண்ணுக்குப் பழக்கியதில் அவர் பங்கு பெரியது. தமிழ் நவீன இலக்கியத்தின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு வகையில் இந்தக் கல்லூரி மாணவர்கள் தீர்மானித்தார்கள். மலையாளத்திலும் இதே கதை உண்டு. சென்னையில் படித்த எம்.வி. தேவனும் நம்பூதிரியும் மாத்ருபூமி வார இதழில் வரைந்தே கேரளத்தில் வீட்டுக்கு வீடு அறியப்பட்டார்கள்.

மூன்றாவது வழி, சினிமா. பூம்புகாரைச் சேர்ந்த பி. கிருஷ்ணமூர்த்தி இங்கே படித்துக் கலை இயக்குநரானார். 'பாரதி' படத்தின் அக்கிரகாரமும் காசியும் அவர் கைவண்ணம். தோட்டா தரணி 'நாயகன்' படத்துக்குத் தேசிய விருது வாங்கினார். டிராட்ஸ்கி மருது பத்திரிகை ஓவியத்திலிருந்து கணினி வரைகலைக்கும் போனார். ஒரு நகரத்தையே பொய்யாகக் கட்டி மெய்யாகக் காட்ட வேண்டிய தொழில் அது. அளவு, வெளிச்சம், பழைய சுவரின் நிறம் எல்லாம் தெரிந்த கை அதற்கு வேண்டும். இன்னொருவர் கேமராவுக்கு முன்பக்கமே போய்விட்டார். நடிகர் சிவகுமார் இதே கல்லூரியின் ஓவிய மாணவர். படிப்பு முடிந்த 1965இலேயே 'காக்கும் கரங்கள்' வந்துவிட்டது.

இத்தனை பெயர்களைச் சொன்னதால், அங்கே நுழைந்தவர்கள் எல்லோரும் வென்றார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரலாறு வென்றவர்களின் பெயரைத்தான் சுலபமாக நினைவில் வைக்கிறது. கே. ராமானுஜம் தன் மனத்துக்குள் இருந்த ஒரு கனவு ஊரை மயிரிழை போன்ற கோடுகளால் வரைந்தவர். மனநோயோடு போராடியவர். சோழமண்டலத்து நண்பர்கள் துணை இருந்தும், 1973இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பொன்னானிப் பக்கத்திலிருந்து வந்து 1960களில் படித்த டி.கே. பத்மினி, பெண்ணின் உடலைப் பெண்ணின் பார்வையில் வரைந்த முன்னோடி. 1969இல் பிரசவத்தில் இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு கல்லூரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நோய்க்கும் வறுமைக்கும் பெண்ணாகப் பிறந்ததற்கும் அதனிடம் மாற்று மருந்து கிடையாது. இவர்களைச் சொல்லாமல் மற்றவர்களைக் கொண்டாடுவது சரியாகாது.

ஆக, அந்தப் படிப்பு என்ன கொடுத்தது? கையில் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பவில்லை. ஆதிமூலத்தின் பெயரை நாம் அறிந்த துறைகள் எதுவும் அவர் வாங்கிய சான்றிதழில் எழுதப்பட்டிருக்காது. மாதிரியை வைத்து ஆண்டுக்கணக்கில் வரைந்த பயிற்சி, கோட்டின் மேல் ஒரு பிடியைக் கொடுத்தது. அந்தக் கோடு தறிக்கும் போனது, இதழுக்கும் போனது, திரைப்பட அரங்குக்கும் போனது. அதோடு ஆட்களைக் கொடுத்தது. தனபால் மாணவர்களைக் கைதூக்கிவிட்டார், பணிக்கர் கூட்டமாக வாழ வழி கண்டார், ஒருவர் இன்னொருவரை எழுத்தாளரிடமும் இயக்குநரிடமும் கொண்டுபோய் விட்டார். என் கணிப்பில், இவர்களின் பிழைப்பு பெரும்பாலும் இந்தப் பழக்கத்தின் வழியாகத்தான் அமைந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. 1850இல் கைவினைக்காகத் தொடங்கிய இடம், பிறகு கலையை உயர்த்தி, கைவினையைத் தாழ்த்தியது. ஆனால் அங்கே படித்துக் கடைசிவரை ஓவியராகவே நின்றவர்களில் பலர், அந்தத் தாழ்ந்த வேலையைக் கூச்சமில்லாமல் செய்தவர்கள். பாத்திக் துணிதான் சோழமண்டலத்தைக் கட்டியது. சேலைக்கரைதான் காந்தி கோட்டோவியங்களுக்குச் சோறு போட்டது.

எனவே உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ஓவியம் படிக்கிறேன் என்று சொன்னால், "என்ன வேலை கிடைக்கும்?" என்பதோடு இன்னும் சில கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். அங்கே கைக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி தருகிறார்கள்? யார் சொல்லித் தருகிறார்கள்? அவர்களிடம் படித்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறார்களா? சம்பாதிப்பதற்காகச் செய்யும் வேலையை அங்கே மட்டமாகப் பார்க்கிறார்களா, மதிக்கிறார்களா? இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைத்தால், தைரியமாக அனுப்பலாம் என்பது என் கருத்து.

உங்களில் இந்தக் கல்லூரியில் படித்தவர்களோ, படித்தவர்களை அறிந்தவர்களோ இருந்தால், அடுத்து வரும் கேள்வி நேரத்தில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதப்படாத பெயர்கள் நிறைய இருக்கின்றன.