உயர்நிலைப் பள்ளியை முன்கூட்டியே நிறைவு செய்தல் (ஐக்கிய அமெரிக்கா)

உயர்நிலைப் பள்ளியை முன்கூட்டியே நிறைவு செய்தல் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் மாணவர் ஒருவர் வழமையான நான்கு ஆண்டு உயர்நிலைப் பள்ளிக் கல்வியை (9 முதல் 12 ஆம் வகுப்பு வரை) மூன்று அல்லது மூன்றரை ஆண்டுகளில் முடித்துச் சான்றிதழ் பெறுவதைக் குறிக்கும். இது படிப்பை இடையில் நிறுத்துவதன்று. தமிழர் வழக்கில் 'டபுள் புரமோஷன்' எனப்படும் வகுப்புத் தாண்டலும் இதுவன்று. இங்கு பாடங்கள் எவையும் விடப்படுவதில்லை. அவை குறைந்த காலத்தில் முடிக்கப்படுகின்றன.

அடிப்படை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் முழு நாட்டிற்கும் பொதுவான இறுதித் தேர்வு கிடையாது. மாணவர் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கிரெடிட்டுகளைச் சேர்த்தாலே பள்ளி நிறைவடைகின்றது. முன்கூட்டியே முடிப்பது இயலுவதும் இதனால்தான். இம்முறைக்கு அடித்தளமான கார்னகி அலகு 1906 ஆம் ஆண்டில் உருவானது. ஒரு பாடத்தில் 120 மணிநேர வகுப்பு ஓர் அலகாகும். கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதிய நிதிக்குத் தகுதியான கல்லூரிகளை வரையறுக்கும் முயற்சியின் பகுதியாகவே இவ்வலகு பரவியது என்பது வியப்புக்குரியது.

நடைமுறையில் தடையாக அமைவது பெரும்பாலும் கணிதமோ அறிவியலோ அல்ல, ஆங்கிலமே ஆகும். பல மாநிலங்கள் நான்கு ஆண்டு ஆங்கிலப் பாடத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. எனவே மூன்று ஆண்டுகளில் முடிக்க விரும்புபவர் ஒரே ஆண்டில் இரு ஆங்கிலப் பாடங்களையோ, கோடை விடுமுறையில் ஒன்றையோ படிக்க வேண்டும். வழமையாக 12 ஆம் வகுப்பில் கற்பிக்கப்படும் அரசியல், பொருளியல் பாடங்களையும் முன்னதாகவே எடுக்க நேர்கின்றது.

வரலாறு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மாணவர் எண்ணிக்கை குறைந்தபோது சில கல்லூரிகள் பள்ளியை முடிக்காதோரையும் சேர்த்துக்கொண்டன. மார்ட்டின் லூதர் கிங் 1944 இல், தமது 15 ஆவது வயதில், பள்ளியின் இறுதி ஆண்டைப் படிக்காமலே நுழைவுத் தேர்வு எழுதி மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1951 இல் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுடன் பல கல்லூரிகளில் இளவயதுச் சேர்க்கைத் திட்டம் நடத்தப்பட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1977 இல் இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

மாநில விதிகள்

கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்பதால் விதிகள் வேறுபடுகின்றன. கலிபோர்னியாவில் 1975 முதல் 2023 வரை தனித் தேர்வொன்று நடைபெற்றது. 16 வயது நிறைந்தோர் இதனை எழுத முடிந்தது. தேறியோர் அம்மாநிலத்தில் பள்ளிச் சான்றிதழுக்குச் சட்டப்படி நிகரான சான்றைப் பெற்றனர். ஆயினும் 18 வயதிற்கு உட்பட்டோர் பெற்றோரின் ஒப்புதலின்றிப் பள்ளியை விட்டு விலக இயலாது. பின்னர் அத்தேர்வின் இடத்தைக் கலிபோர்னியா தேர்ச்சித் திட்டம் பெற்றது. இந்தியானா மாநிலம் 2011 ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம், குறைந்தது ஓராண்டு முன்னதாக அரசுப் பள்ளியை முடித்து அம்மாநிலக் கல்லூரியில் சேர்வோருக்கு 4,000 டாலர் உதவித்தொகையை ஏற்படுத்தியது.

முடிவெடுத்தல்

இம்முடிவு இரண்டாம் ஆண்டின் இறுதிக்குள் எடுக்கப்பட வேண்டியதாகும். அதாவது 15 அல்லது 16 வயதில். கல்லூரி விண்ணப்பங்கள் பள்ளியின் இறுதி ஆண்டு தொடங்கிய சில மாதங்களில் அனுப்பப்படுகின்றன. மூன்றாம் ஆண்டே இறுதி ஆண்டாகிவிட்டால், முதல் இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண்களே பெரும்பாலும் கல்லூரியின் பார்வைக்குச் செல்லும். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியரும் அம்மாணவரை 14, 15 வயதில் அறிந்தவராகவே இருப்பார். மூன்றாம் ஆண்டின் நடுவில் மனம் மாறி விரைந்து முடிப்பவர்கள் விண்ணப்பக் காலத்தையே தவறவிட்டு, ஓராண்டு காத்திருக்க நேரலாம். விரைவின் பயன் அப்போது இல்லாமற் போகின்றது.

பணம் மிச்சமாகும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது முழுவதும் சரியன்று. அரசு உயர்நிலைப் பள்ளி இலவசம், கல்லூரி அவ்வாறன்று. பள்ளியில் ஓராண்டைக் குறைப்பதால் கல்லூரிக் கட்டணம் குறைவதில்லை, அது ஓராண்டு முன்னதாகத் தொடங்குகின்றது. மாறாக, நான்காம் ஆண்டில் பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடங்களைப் படிக்கும் வாய்ப்புகள் பல மாநிலங்களில் உள்ளன. மினசோட்டா 1985 இலும், வாஷிங்டன் மாநிலம் 1990 இலும் இதற்கான சட்டங்களை இயற்றின. கணக்கிட்டுப் பார்த்தால், விரைந்து வெளியேறுபவர் கட்டணமின்றிப் பெறக்கூடிய கல்லூரிக் கிரெடிட்டுகளை இழப்பதும் உண்டு. ஆனால் குடும்பத்திற்காக உடனே முழுநேர வேலைக்குச் செல்ல வேண்டிய மாணவருக்கு இக்கணக்கு பொருந்தாது. அவருக்கு ஓராண்டு ஊதியமே முதன்மையானது.

விளையாட்டு வீரர்களிடையே அரையாண்டு முன்னதாக முடித்தல் நன்கு அறியப்பட்டது. அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர்கள் பலர் டிசம்பரில் பள்ளியை முடித்து, சனவரியில் கல்லூரியில் சேர்ந்து, வசந்தகாலப் பயிற்சியில் பங்கேற்கின்றனர். இதற்கெதிராக, பள்ளி அணியில் தமது இறுதி ஆண்டை எதிர்பார்த்திருக்கும் வீரருக்கு அவ்வாண்டு மீண்டும் கிடைப்பதில்லை. பொதுவாகச் சான்றிதழ் பெற்றவர் பள்ளி அணியில் ஆட முடியாது.

பள்ளியில் தனிமையோ துன்புறுத்தலோ காரணமாக வெளியேற விரும்புவோரும் உள்ளனர். இவர்களுக்குப் பள்ளி மாற்றமும் ஒரு வழி என்பதைப் பெற்றோர் கருதாமல் விடுவதுண்டு.

சட்ட நிலை

17 வயதில் கல்லூரி சேர்பவர் சட்டப்படி இன்னும் சிறாரே. விடுதி ஒப்பந்தம், மருத்துவ ஒப்புதல் போன்றவற்றில் பெற்றோரின் கையொப்பம் தேவைப்படுகின்றது. ஆனால் 1974 ஆம் ஆண்டுக் கல்விப் பதிவேட்டுச் சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்தவுடன் எந்த வயதினராயினும் தமது கல்விப் பதிவேடுகள் மீதான உரிமையை மாணவரே பெறுகின்றார். எனவே மகளின் மருத்துவப் படிவத்தில் கையொப்பமிடும் தந்தை, அவளது மதிப்பெண்களைக் கல்லூரியிடம் கேட்டுப் பெறும் உரிமையை இழந்திருக்கலாம்.

பெற்றோரை இழந்து சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை பெறும் மாணவருக்கு மற்றொரு சிக்கல் உண்டு. இத்தொகை பொதுவாக 18 வயதில் நிற்கும். முழுநேரமாகப் பள்ளியில் படிப்பவருக்கு மட்டும் 19 வயதை ஒட்டித் தொடரும். 18 வயது கடந்த ஒருவர் அரையாண்டு முன்னதாகப் பள்ளியை முடித்தால், அவ்வரையாண்டிற்கான தொகை குடும்பத்திற்குக் கிடைக்காமற் போகும்.