வளர்ப்புப் பாம்பின் சட்டை பாதியில் நின்றுவிட்டதா? பிய்த்து இழுக்காதீர்கள்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாம்புச் சட்டை புதிதல்ல. செம்பனை மரத்தடியிலோ வீட்டுக்குப் பின்னால் பலகைக் குவியலிலோ நீளமாகக் கிடக்கும். இன்று அதே சட்டையைப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டில், கண்ணாடித் தொட்டிக்குள் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் இருப்பது பால் பைத்தான் எனப்படும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு. அதன் சட்டை துண்டு துண்டாக உடம்பில் ஒட்டிக்கொண்டால், உதவுவதாக நினைத்துப் பிய்ப்பவர்கள்தான் பாம்பைப் புண்ணாக்கிவிடுகிறார்கள்.

சட்டை உரிக்குமுன் பாம்பின் நிறம் மங்கும். கண் நீலம் பூத்துப் பால்போலாகும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே நீர் சுரப்பதே காரணம். அந்த நாள்களில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. தொட்டால் மிரண்டு கடிக்கவும் செய்யும். கையில் எடுக்க வேண்டாம், இரையும் வேண்டாம். கண் மறுபடி தெளிந்து சில நாள் கழித்து, மூக்கு நுனியை எதிலாவது உரசி, காலுறையைத் திருப்பிக் கழற்றுவதுபோல் முழுச் சட்டையையும் ஒரே துண்டாக விட்டுவிடும்.

நம் நாட்டுப் புழுக்கத்தில் தோல் காய்ந்து ஒட்டுமா என்று கேட்கலாம். இரவெல்லாம் ஏர்கோன் ஓடும் அறையில் ஒட்டும். அதோடு தொட்டிக்கு வலை மூடி, மேலே சூட்டு விளக்கு என்றால் கேட்கவே வேண்டாம். பால் பைத்தானுக்குக் காற்றில் சுமார் 60 விழுக்காடு ஈரம் வேண்டும். சட்டை உரிக்கும் சமயத்தில் 70 வரை. ஈரமானி ஒன்றைத் தொட்டிக்குள் வைத்தால் தெரிந்துவிடும். குடிநீர் போதாமை, செதிலிடுக்கில் உண்ணி, பழைய காயம் ஆகியவையும் காரணமாகலாம்.

ஒட்டிய தோலுக்கு ஊறவைப்பதே வைத்தியம். காற்றுத் துளையுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள். பாம்பின் உடம்பில் பாதி உயரம் போதும். தலை எப்போதும் வெளியே இருக்க வேண்டும். 20 அல்லது 30 நிமிடம், பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஈரத் துவாலையைத் தளர்வாகப் பிடித்து, பாம்பை அதற்குள் ஊர்ந்துபோக விடுங்கள். ஊறிய தோல் துணியின் உரசலில் வந்துவிடும். வராததை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். தொட்டிக்குள் நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள் போட்ட ஒரு டப்பா மறைவிடமாக இருந்தால் பாம்பே போய்ச் சுருண்டுகொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இங்கே வேண்டாம்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று வால் நுனி. அங்கே வளையமாக நிற்கும் பழைய தோல் இறுகி, இரத்த ஓட்டம் தடைபட்டு, நுனி கறுத்துச் செத்துவிடும். மற்றொன்று கண். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் தெளிவான செதிலும் சட்டையோடு கழல வேண்டும். உரித்த தலைப்பகுதியில் வட்டமான இரண்டு கண்மூடிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இடுக்கி, ஒட்டுநாடா எதையும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். கண்ணே பறிபோகலாம். ஈரத்தைக் கூட்டி அடுத்த முறை கழலுகிறதா என்று பார்க்கலாம். வீக்கமோ நீர்வடிதலோ கண்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போங்கள்.

உரிமம் இல்லாதவர்கள் அங்கே போகப் பயப்படுவார்கள். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இனங்களை வளர்க்க பெர்ஹிலித்தான் துறையின் உரிமம் தேவை. வாங்குமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பதற்கே அனுமதியில்லை. தோட்டத்தில் பிடித்த மலைப்பாம்பைத் தொட்டியில் போட்டு வளர்ப்பதும் கூடாது. வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் 999-க்கு அழையுங்கள்.

பாம்பையோ சட்டையையோ தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமி அவற்றில் இருக்கலாம். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் அலட்சியம் வேண்டாம்.