சாண்டோ கற்பித்த அளவு

உடல் வலிமை மிக்காரைச் 'சாண்டோ' என்றழைப்பது தமிழர் வழக்கு. படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவரும் அப்பட்டம் பெற்றவரே. அப்பெயர்க்குரிய யூஜின் சாண்டோ 1867 இல் பிரசியாவிலே பிறந்தவர். 1904, 1905 ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலும் தம் ஆற்றலைக் காட்டியவர்.

1901 இல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய போட்டியிலே, பருத்த தசைக்கே பரிசு என்ற நியதி இல்லை. உறுப்புகளின் ஒத்த வளர்ச்சியும் உடல்நலமும் அளவுகோல்களாயின. எழுத்தாளர் கொனன் டொயிலும் சிற்பி சார்ல்ஸ் லோசும் உடன் நடுவராயிருந்தனர். பின்னர்ப் பெங்களூரில் கே. வி. ஐயர், எடைப் பயிற்சியோடு சூரிய நமஸ்காரத்தையும் இணைத்தார்.

பெயரைப் போற்றும் நம் மாணவர் இந்நெறியையும் அறிதல் வேண்டும். பிடரியிலிருந்து தோள்வழி விரிந்து நடுமுதுகுக்குக் கீழே இறங்கும் தசை ஒன்றுண்டு. அதன் மேற்பகுதி தோளை உயர்த்தும், நடுப்பகுதி பின்னிழுக்கும், கீழ்ப்பகுதி தாழ்த்தும். கழுத்தோரம் திரள வேண்டுமென்று உயர்த்தும் பயிற்சியையே செய்வோர், தசையின் ஒரு பகுதியையே வளர்க்கின்றனர். நிமிர்ந்த தோற்றத்துக்கு மூன்று பகுதிகளும், அவற்றோடு மார்பும் வயிறும் கால்களும் வலுப்பெறல் வேண்டும்.

இறக்கக்கண்டியில் கரைவலை இழுப்போர் காலை மணலில் ஊன்றி, இடுப்பைச் சாய்த்து, முதுகாலும் கையாலும் கயிற்றை இழுக்கின்றனர். உடல் முழுவதும் ஒருங்கே உழைக்கிறது. பயிற்சிக்கூடத்திலும் அவ்வொருமையே நமக்கு வேண்டுவது.