மல்லாட்டை விழுது எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வந்து நிலக்கடலைன்னு கேட்டா புரியும். ஆனா நம்ம ஆளுங்க வாயில் வருவது மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, கடைசியில் மல்லாட்டையில் வந்து நின்றிருக்கிறது. செடியின் சொந்த ஊர் தென்னமெரிக்கா. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சீமையின் மல்லாட்டை புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறி பிரான்சின் மார்சேய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை திறந்தது 1879-ல்.

வியாபாரக் கதையை இன்னொரு நாள் பார்க்கலாம். எனக்கு ஆர்வம் அந்தச் செடி செய்யும் ஒரு காரியத்தில். பூ மேலே பூக்கிறது, காய் மண்ணுக்குள் காய்க்கிறது. கருவுற்றதும் சூலகத்துக்கு அடியில் இருக்கும் செல்கள் பெருகி நீண்டு, ஊசி மாதிரி ஒரு காம்பு கீழ்நோக்கி வளரும். இதைத்தான் விழுது என்கிறோம். மண்ணைத் துளைத்துச் சில சென்டிமீட்டர் இறங்கிய பிறகு நுனி பக்கவாட்டில் திரும்பிக் காயாகிறது. வெளிச்சத்தில் தொங்கிக்கொண்டே இருந்தால் காய் கிடையாது. ஆக, மண்ணைத் துளைக்க முடியுமா முடியாதா என்பதில்தான் விளைச்சலே நிற்கிறது.

எலும்பும் தசையும் இல்லாத ஒரு பச்சைக் காம்புக்கு இந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? தண்ணீரிலிருந்து. செல்லுக்குள் கரைந்திருக்கும் உப்பும் சர்க்கரையும் தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. சுவர் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இதை அளந்து பார்க்கலாம் என்று இறங்கியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பிஃபெஃபர். 1877-ல் அவர் ஒரு மண்பாண்டக் குடுவையின் நுண்துளைகளில் செயற்கைச் சவ்வை உருவாக்கி, சர்க்கரைக் கரைசலின் சவ்வூடு அழுத்தத்தை அளந்தார். அந்த எண்களை வைத்துத்தான் வான்ட் ஹாஃப் தன் சமன்பாட்டுக்கு வந்தார். 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு.

பிஃபெஃபரின் 1893 சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. வளர்கிற வேரை பாரிஸ் சாந்தில் பதித்தார். நுனிப் பக்கம் ஒரு கட்டி, மேல் பக்கம் ஒரு கட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் அமைப்பு. வேர் வளர முயன்று கட்டிகளைத் தள்ள, ஸ்பிரிங் விசையைக் காட்டும். கிடைத்த விடை சுமார் 10 வளிமண்டல அழுத்தம். நம் கார் டயரில் அடிப்பது 2-ஐ ஒட்டித்தான். இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. தடை வந்ததும் வேர் புதுசா ஒரு பலத்தைத் தேடிப் போவதில்லை. அதுவரை செல்சுவர் தாங்கிக்கொண்டிருந்த அழுத்தம், சுவர் தளரத் தளர, எதிரே இருக்கும் தடையின் மேல் மாறி விழுகிறது. (பாரிஸ் சாந்தும் ஜிப்சம்தான். இங்கே மல்லாட்டைக் கொல்லையில் 40–45 நாளில் போடுவதும் ஜிப்சம்தான். அது சுண்ணாம்புச் சத்துக்காக.)

நம்ம ஊர்க் கதையில் ஜகதீஷ் சந்திர போஸின் கிரெஸ்கோகிராஃபை எல்லாரும் சொல்வாங்க. அற்புதமான கருவிதான், ஆனால் அது வளர்ச்சியை ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. வளர்ச்சி வேறு, விசை வேறு. வேகமாக வளர்வது பலமாகத் தள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

இனி ஒரு தோராயக் கணக்கு. விழுதின் குறுக்களவு 2 மில்லிமீட்டர் என்று வைத்தால் பரப்பு சுமார் 3 சதுர மில்லிமீட்டர். பிஃபெஃபரின் 10 வளிமண்டலம் என்பது சதுர மில்லிமீட்டருக்கு 100 கிராம் எடை. ஆக 300 கிராம். ஒரு விழுதுக்கு! ஈர மணலுக்கு இது தாராளம். காய்ந்து இறுகிய செம்மண்ணுக்குப் போதாது.

விலங்குச் செல்களில் கதை தலைகீழ்: அவை தள்ளுவதைவிட இழுப்பதுதான் அதிகம். 1980-ல் ஆல்பர்ட் ஹாரிஸ் குழு மெல்லிய சிலிக்கோன் ரப்பர் ஏட்டின் மேல் செல்களை ஊர விட்டபோது ஏடு சுருங்கி மடிப்பு விழுந்தது. 1999-ல் டெம்போவும் வாங்கும் மென்மையான ஜெல்லுக்குள் நுண்மணிகளைப் பதித்து, மணி நகர்ந்த தூரத்திலிருந்து விசையைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். அங்கே கணக்கு நானோநியூட்டனில். ஆனால் யோசனை பிஃபெஃபருடையதேதான்: செல்லைச் சுற்றி எவ்வளவு வளையும் என்று தெரிந்த ஒரு பொருளை வை, அது எவ்வளவு வளைந்தது என்று பார்.

திண்டிவனத்துக்கு வருவோம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களுக்குப் பெயர் டி.எம்.வி. — திண்டிவனத்தின் சுருக்கம். 1940-ல் வந்த டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம். ஆந்திரா, கர்நாடகாவிலும் பல பத்தாண்டுகள் ஓடியது. 1967-ல் டி.எம்.வி. 7. கொத்து ரகத்தில் காய் தூருக்குப் பக்கத்திலேயே பிடிக்கும், பிடுங்குவது சுலபம். ஆனால் மேல் கணுவில் வரும் விழுது மண்ணைத் தொட வெகுதூரம் தொங்க வேண்டும்.

இங்கேதான் 300 கிராம் கணக்கு சிக்கலாகிறது. நீளமாகத் தொங்கும் மெல்லிய தண்டு தள்ளும்போது வளைந்துவிடும். நீளம் பாதியானால் தாங்கும் விசை 4 மடங்கு. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் போட்ட கணக்கு. செல்லுக்குள் அழுத்தம் எவ்வளவு இருந்தும் காம்பு மடங்கினால் நுனி இறங்காது. 45-ஆம் நாள் களைவெட்டி மண் அணைக்கிறார்களே, அது தொங்கும் நீளத்தைக் குறைக்கிறது, மண்ணையும் பொலபொலப்பாக்குகிறது. ஆய்லர் கணக்குப்படி பார்த்தால் முதல் வேலைக்கே பாதிக் கூலி கொடுக்கலாம் என்பது என் எண்ணம். விழுது இறங்கும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் மழை ஏமாற்றினால், மானாவாரிக் கொல்லையில் மண் இறுகி, விழுதுகள் நுனி கருகி அப்படியே தொங்கும். செடி பச்சையாகத்தான் நிற்கும். பிடுங்கினால் காய் இருக்காது.