ஹிஜாஸ் மணலில் கிடைத்த சாட்சிகள்

எழுத்துச் சான்றுகளை மட்டும் நம்பி வரலாறு எழுதிய காலம் கடந்துவிட்டது. மண்ணில் புதைந்த துப்பாக்கிக் குண்டும் இன்று சாட்சி சொல்கிறது. அச்சாட்சியம் எதுவரை செல்லும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இரண்டாம் அப்துல் ஹமீது சுல்தான் 1900இல் தொடங்கி வைத்த ஹிஜாஸ் இரயில்பாதை, திமிஷ்கிலிருந்து மதீனாவுக்குச் சுமார் 1,300 கிலோமீட்டர் நீண்டு 1908இல் நிறைவுற்றது. இந்திய முஸ்லிம்கள் உட்பட உலக முஸ்லிம்கள் வழங்கிய நன்கொடையும் அதில் கலந்திருந்தது. 1916இல் ஷரீஃப் ஹுசைனின் கிளர்ச்சி வெடித்தபின் அப்பாதையே போர்க்களமாயிற்று. 1917 செப்டம்பர் 19ஆம் நாள், துல்ஹஜ் மாதம் தொடங்கும் வேளையில், இன்றைய ஜோர்தான்-சவூதி எல்லையை ஒட்டிய ஹல்லத் அம்மாரில் உஸ்மானிய இரயில் ஒன்று கண்ணிவெடியால் தகர்க்கப்பட்டது. அத்தாக்குதலில் பங்கேற்ற ஆங்கிலேய அதிகாரி டி.இ. லாரன்ஸ் தம் நூலில் அதனை விரிவாக வருணித்தார். அவர் மிகைப்படுத்தினார் என்போர் பலர்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் சாண்டர்ஸ், தொல்லியலாளர் நீல் ஃபாக்னர் ஆகியோர் தலைமையில் 2006 முதல் 2014 வரை அப்பாலைவனக் களங்களில் ஆய்வு நடந்தது.

பெயரறியாத குண்டை இனங்காண்பது எங்ஙனம்? விட்டத்தை மட்டும் அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். பிரிட்டிஷாரின் .303 குண்டும் உஸ்மானியரின் 7.65 மாசர் குண்டும் ஏறத்தாழ 7.9 மில்லிமீட்டர் விட்டமுடையவை. ஆகவே எடையும் வடிவமும் நோக்கப்பட வேண்டும். 1910இல் அறிமுகமான கூர்முனை .303 குண்டு சுமார் 11.3 கிராம், பழைய மாசரின் மழுங்குமுனைக் குண்டு சுமார் 14 கிராம். ஜெர்மானியரின் 1905ஆம் ஆண்டுக் கூர்முனைக் குண்டு 10 கிராமே ஆயினும் விட்டம் 8.2 மில்லிமீட்டர். சுடப்பட்ட குண்டாயின் குழலின் உட்புறப் புரிகள் பதித்த வடு மேலும் துணைசெய்யும். லீ-என்ஃபீல்டு துப்பாக்கி இடஞ்சுழியாக ஐந்து பள்ளங்களையும், மாசர் வலஞ்சுழியாக நான்கினையும் பதிக்கும். பழைய குண்டுகளை மீண்டும் தோட்டாவில் பொருத்த விழையும் மேலைநாட்டு ஆர்வலர்களும் விட்டம், எடை, வடிவம் ஆகியவற்றைக் கொண்டே அவற்றை இனங்காண்கின்றனர்.

தோட்டா உறையின் அடியில் பொறித்த எழுத்தும் ஆண்டும் பெரும் உதவி. ஆயினும் அரபு எண்களைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. 1333 என்பதை ஹிஜ்ரி எனக் கொண்டால் 1914-15ஐக் குறிக்கும். உஸ்மானிய அரசு நிதி நிருவாகத்தில் பயன்படுத்திய ரூமி ஆண்டெனில் 1917ஆகும். எந்த நாட்காட்டி எனத் தெளியாமல் காலம் கணிப்பது தவறு.

ஹல்லத் அம்மாரில் கிடைத்த குண்டொன்று கோல்ட் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்குரியது என்றும், அது லாரன்ஸுடையதாகவே இருக்கக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் 2016இல் அறிவித்தனர். அவர் அவ்வகைத் துப்பாக்கி வைத்திருந்தார் என்பதே அவர்தம் வாதம். ஹதீஸ் கலையறிந்த நாம் இதனைக் கபருல் வாஹித் போன்றதெனலாம்: செய்திக்கு வலுவூட்டும், ஐயமற்ற உறுதியைத் தாராது.

ஏனெனில் குண்டு துப்பாக்கியின் இனத்தைச் சொல்லுமேயன்றி, விசையை இழுத்த விரலைச் சொல்லாது. இதற்கு லாரன்ஸின் துப்பாக்கியே சான்று. பிரிட்டனில் உருவான அந்த லீ-என்ஃபீல்டைக் கல்லிப்போலியில் உஸ்மானியர் கைப்பற்றினர். அன்வர் பாஷா அதனை அமீர் ஃபைஸலுக்குப் பரிசளித்தார். ஃபைஸல் லாரன்ஸுக்கு வழங்கினார். இன்று அது இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. மூன்று கைகளில் எவர் சுட்டிருந்தாலும் குண்டில் பதியும் வடு ஒன்றே.

ஆகவே ".303 குண்டு கிடைத்தது, எனவே சுட்டவர் ஆங்கிலேயர்" என்றோ, "மாசர் குண்டு, எனவே துருக்கியர்" என்றோ முடிவுகட்டுவது ஆய்வாகாது. ஹாஜிகளுக்காக முஸ்லிம்கள் ஈந்த பொருளால் எழுந்த பாதையில், இருபுறமும் கலிமா மொழிந்தோர் நின்று சுட்டனர். எவர் குண்டு எவரை வீழ்த்தியது என்பதை மண் சொல்லப்போவதில்லை. அந்தத் துயரத்துக்கு எவரேனும் ஒருசாராரை மட்டும் பொறுப்பாக்க விரைவோர், அவ்வுலோகத் துண்டுகளின் மௌனத்தையும் ஒரு சாட்சியமாகக் கொள்வது நலம்.